தொழிலுக்குப் போன மாமா

எங்கள் ஊரில் ஒருவர் தொழிலுக்குப் போயிருக்கிறார் என்றால், என்ன தொழில் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அவர் வெளியூர்க்காரர். சாய்ந்தமருதில் தொழில் என்றால் கடல்தான். தச்சர் செய்வது தச்சு வேலை, தையற்காரர் செய்வது தையல், கடை வைத்திருப்பவர் செய்வது வியாபாரம், வாத்தியாருக்கும் கிளாக்கருக்கும் உத்தியோகம். தோணியில் ஏறிக் கடலுக்குப் போகிறவர் மட்டும்தான் தொழிலுக்குப் போகிறார். மீன் பட்டால் நல்ல தொழில், படாவிட்டால் தொழில் இல்லை. இந்தச் சொல்லை யாரைக் கேட்டு நாங்கள் எங்களுக்கென்று எடுத்துக்கொண்டோமோ தெரியாது. இப்போது கல்முனையில் ஒரு வங்கியில் இருக்கும் என்னிடம் யாராவது “நீங்க என்ன தொழில்?” என்று கேட்டால் மாமாவின் ஞாபகம் வந்து சிரித்துவிடுவேன். கேட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. உம்மாவுக்குக் கலியாணம் ஆகிக் கொஞ்ச நாளிலேயே அவர்களுடைய தாயும் தகப்பனும் மௌத்தாகிவிட்டதால், மாமாவை வளர்த்துப் படிப்பித்தது உம்மாதான். அவருடைய வாப்பாவும் கடல், அவருக்கு வாய்த்த மாப்பிள்ளையும் கடல். காற்று எழும்பினால் உம்மாவுக்கு அடுப்பில் கை ஓடாது. தம்பியாவது தரையில் இருக்கட்டும் என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்குப் பலனும் கிடைத்தது. மாமா ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் ஆனார். முதல் நாள் அவர் களிசானும் சேட்டும் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனபோது உம்மா தெரு முனைவரை பின்னாலேயே நடந்து போனாராம். தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் “தம்பி கந்தோருக்குப் போறான்” என்று கேட்காமலே சொன்னாராம்.

ஆனால் மாமாவின் கால் தரையில் நிற்கவில்லை. சனி, ஞாயிறு, பௌர்ணமிக்கு வரும் போயா லீவு எல்லாம் அவருக்குக் கடல்தான். என் வாப்பாவின் தோணியில் போவார். அது கடலுக்குப் போகாத நாளில் வேறு யாருடைய தோணியிலாவது போவார். வேலை நாளில்கூட சுபஹு தொழுதுவிட்டுக் கரைவலை இழுக்கிறவர்களோடு போய்க் கயிற்றைப் பிடிப்பார். பிறகு ஓடிவந்து குளிப்பார். உம்மா தேசிக்காயைப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்பார். கையில் மீன் மணம் போகும்வரை தேய்க்கச் சொல்லிவிட்டுத்தான் சேட்டைக் கொடுப்பார். மாமாவும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். உம்மா சொன்ன எதற்கும் அவர் மறுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. “ஓம் ராத்தா” என்பார். அடுத்த நாளும் கரைக்குப் போவார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது மாமாவைக் கேட்டு சம்மாந்துறையிலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடானது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவார். பெண்ணின் தகப்பனுக்கு அங்கே வயலும் வளவும் இருந்தன, மகளுக்கு வீடும் கட்டி முடித்திருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை உத்தியோகக்காரராக இருக்கவேண்டும், கடலுக்குப் போகிறவராக இருக்கக்கூடாது. உம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? நெல் விளையும் ஊர், கட்டிய வீடு, சுற்றிவரக் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் கடலே இல்லை. அந்தக் கிழமை முழுக்க உம்மாவின் வாயில் பாட்டு. அவர் பாடுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வரும் நாள் போயா லீவு. அவர்கள் மத்தியானம் ளுஹருக்குப் பிறகு வருவதாகப் பேச்சு. மாமா விடியமுன்னமே எழும்பிப் போய்விட்டார். சூரை மீன் பட்டுக்கொண்டிருந்த காலம், அவரால் வீட்டில் இருக்க முடியுமா? உம்மா எழும்பிப் பார்த்தால் பாய் வெறுமையாகக் கிடந்தது. அன்றைக்கென்று வாப்பா தொழிலுக்குப் போகாமல் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் விறாந்தையில் இருந்தார். எல்லா ஏச்சும் அவருக்குத்தான்.

“உங்களப் பாத்துத்தான் அவனும் கெட்டுப் போனான்.”

“நான் இண்டைக்கு ஊட்டதானே இரிக்கன்” என்றார் வாப்பா பாவமாக.

அது போதாதென்று சம்மாந்துறை ஆட்கள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். பெண்ணின் தகப்பனும் தாயும், இன்னும் இரண்டு பேரும். உம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக் காதோடு சொன்னார்.

“மாமா கடலுக்குப் போன கத உன்ட வாயில வரப்படா. விளங்குதா?”

“கேட்டா பொய் சொல்லவா?”

குர்ஆன் ஓதப்போகும் இடத்தில் பொய் சொன்னால் என்ன கிடைக்கும் என்று அந்த வாரம்தான் எங்களுக்கு விரிவாகச் சொல்லித் தந்திருந்தார்கள். நரக நெருப்பு என் கண்ணுக்குள்ளேயே நின்றது. உம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“பொய் சொல்லச் சொல்லல்ல மகள். கடல் என்டு மட்டும் சொல்லாத. போய்ப் பின் படலையத் திறந்து வெச்சிட்டு வா. அவன் வந்தா அதால வந்து குளிச்சுக் களிசானப் போட்டுக்கிட்டு விறாந்தைக்கு வரட்டும்.”

நான் படலையைத் திறந்து, காற்றில் மூடாமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தேன். பிறகு விறாந்தையில் வட்டிலப்பத் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து நின்றேன். பெண்ணின் தகப்பன் பெரிய மனிதர், வெள்ளைத் தாடி, மெதுவாகப் பேசுகிறவர். எங்கள் வீட்டு விறாந்தையில், வாப்பாவுக்கு நேரே முன்னால் இருந்துகொண்டுதான் அவர் இதைச் சொன்னார்.

“கடலுக்குப் போற ஆளுக்குப் புள்ளயக் குடுத்துப்போட்டு நெஞ்சிடியோட இரிக்க எங்களால ஏலா. குறையா நினைக்கப்படா.”

வாப்பா குறையாக நினைக்கவில்லை என்று தலையாட்டிவிட்டுத் தன் கால் விரல்களைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் நின்ற உம்மா அந்த நேரத்தில் மனதுக்குள் ஆமோதித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

“எங்க மகள் உங்கட மாமா?”

கடல் என்று சொல்லக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. நான் கொஞ்சம் யோசித்து, தெளிவாகச் சொன்னேன்.

“மாமா தொழிலுக்குப் போயிட்டார்.”

வாப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. பெரியவரின் முகமோ மலர்ந்துபோனது. சம்மாந்துறையில் தொழில் என்றால் உலகத்தில் உள்ள எந்தத் தொழிலும்தானே.

“லீவு நாளிலயும் தொழிலுக்குப் போறாரா? மாஷா அல்லாஹ்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். “கந்தோர்ல இப்பிடி ஒரு ஆளக் காண ஏலா.”

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு துண்டு வட்டிலப்பத்தை நானே எடுத்துக்கொண்டு, மாமாவைக் கண்டு செய்தி சொல்லத் தெரு முனைக்கு ஓடினேன்.

மாமா வந்துகொண்டிருந்தார். சாரன் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தது. தலைமுடியில் உப்பு, காலெல்லாம் மண், தோளில் ஒரு பெரிய பாரை மீன், கையில் ஒரு பையில் பொடி மீன். நான் அவருடைய ஈரச் சாரனைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, அவங்க வந்துட்டாங்க. முன்னால வராதீங்க. பின் படலை திறந்து கிடக்கு.”

“தெரியும் மகள்” என்றார்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பின் படலைக்குப் போகும் ஒழுங்கையைப் பார்த்தார், பிறகு எங்கள் வீட்டு முன் வாசலைப் பார்த்தார். என் கையிலிருந்த வட்டிலப்பத்தில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு நேரே முன்வாசலால் உள்ளே போய், பாரையை விறாந்தைப் படியில் வைத்துவிட்டு சலாம் சொன்னார்.

பெரியவர் பழக்கதோஷத்தில் எழும்பி இரண்டு கையாலும் மாமாவின் கையைப் பிடித்து முஸாபஹா செய்துவிட்டார். கையை எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை நகத்தால் மெதுவாக எடுத்தார்.

“தொழிலுக்குப் போயிட்டதா புள்ள சொன்னா.”

“ஓம், தொழிலுக்குத்தான் போன நான்.”

“அப்ப கந்தோர்?”

“அது உத்தியோகம்” என்றார் மாமா. “இதுதான் தொழில்.”

மரியாதையாகத்தான் சொன்னார். ஊரில் எல்லாரும் பேசுகிற சொல்லைத்தான் சொன்னார். ஆனாலும் அதை அவர் சொன்ன விதத்தில் வாப்பா தலையை நிமிர்த்திப் பார்த்தார். அன்று அவர் கால் விரலை விட்டு வேறெதையாவது பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சம்மாந்துறைப் பெரியவர் நல்ல மனிதர். அவர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போயிருந்தால் கதை சுருக்கமாக முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யாமல் சிரித்தார். “பரவாயில்ல தம்பி, பழக்கம்தானே. எங்கட ஊர்ல கடல் இல்ல. கலியாணம் முடிஞ்சா அது தன்ட பாட்டுல விட்டுப் போயிடும்.”

“விட்டுடுவான், விட்டுடுவான்” என்று திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் அவசரமாக வந்தது.

மாமாவின் முகம் அப்போதுதான் மாறியது. செதில் ஒட்டியபோது மாறவில்லை, கடல் இல்லை என்றபோது மாறியது. யாரோ அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிவிட்டதுபோல விரல்களை மடக்கிக்கொண்டார்.

“மோட்டசைக்கிள் ஒண்டு எடுத்தா” என்றார் நிலத்தைப் பார்த்தபடி, “சுபஹோட வெளிக்கிட்டு இஞ்ச வந்திட்டுக் கந்தோருக்குப் போகலாம்.”

பெண்ணின் தாய் தன் புருஷனைப் பார்த்தார். அதற்குமேல் யாரும் கலியாணம் பற்றிப் பேசவில்லை. தேத்தண்ணி குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், சொல்லியனுப்புகிறோம் என்று எழும்பினார்கள். கடல் இல்லாத ஊரிலிருந்து வந்தவர்களை மீன் இல்லாமல் அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தப் பாரையைப் பையில் போட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளையை வேண்டாம் என்றவர்கள் மீனை வேண்டாம் என்று சொல்லவில்லை.

சொல்லியனுப்பவும் இல்லை. உம்மாவின் பாட்டு அன்றோடு நின்றது. இரண்டு வருடம் கழித்து மாமா எங்கள் ஊரிலேயே, இரண்டு ஒழுங்கை தள்ளிக் கலியாணம் முடித்தார். அந்த வீட்டில் ராவில் படுத்தால் அலைச் சத்தம் கேட்கும். கந்தோர் வேலையிலும் ஒரு குறையும் வைக்காமல் இருந்து பென்சன் எடுத்தார். இப்போதும் சுபஹு முடிந்ததும் அவருடைய வீட்டுக் கதவு திறக்கும். மாமியிடம் “மாமா எங்க?” என்று கேட்டால், அவர் தலையைத் திருப்பாமலே “வேற எங்க, தொழிலுக்குத்தான்” என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்து போகும்.

சம்மாந்துறை ஆட்கள் வந்துபோன அன்று பின்னேரம் குசினியில் உம்மா பொடி மீனைப் பொரித்துக்கொண்டிருந்தார். மீனை ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் அகப்பை சட்டியில் மோதியது. மாமா பக்கத்தில் பலகைக் கட்டையில், குளித்து, தேசிக்காய் தேய்த்து, நல்ல பிள்ளையாக இருந்தார். காலையிலிருந்து தம்பியோடு ஒரு சொல் பேசாத உம்மா கடைசியில் கேட்டார்.

“பின் படலை திறந்துதானே கிடந்த. ஏன்டா முன்னால வந்த?”

“கவனிக்கல்ல ராத்தா” என்றார் மாமா.

உம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு “உனக்கு எப்பயும் கண் கடல்லதான்” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருடைய தட்டில் சோற்றைப் போட்டார். வாசலில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. நான்தானே சாரனைப் பிடித்து இழுத்துச் சொன்னேன், அவரும் தெரியும் என்றாரே. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்தார். தட்டிலிருந்து மிக நன்றாகப் பொரிந்த மீனாகப் பார்த்து எடுத்து என் வாய்க்குள் வைத்துவிட்டார்.

பாவம் மாமா, இந்த வயதிலேயே இவ்வளவு மறதியா என்று நினைத்துக்கொண்டே நான் அதை மென்றேன்.