ஒரே போனில் ஒரு வட்டை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதனால்தான், நெல் அறுக்கும் வெட்டு மெசின் பதிவுக்கென்று நான் செய்து கொடுத்த இணையத்தளத்தில் தரகர்கள் விளையாடியபோது சும்மா இருக்க முடியவில்லை. இல்லாத வயல்களுக்கு ஒரே நிமிடத்தில் பத்துப் பதிவு போட்டு, மெசின் நாட்களைப் பிடித்துவைத்து வயல்காரருக்கே விற்றார்கள். கல்லடி வீட்டிலிருந்தபடி ஒரு மிடில்வெயார் எழுதிப் போட்டேன். வரும் எந்தக் கோரிக்கையும் பதிவேட்டைத் தொடுமுன் அது மறித்து விசாரிக்கும். ஒரே போனிலிருந்து நிமிடத்துக்கு மூன்றுக்கு மேல் வந்தால் அன்று முழுக்க அந்தப் போனுக்கு இடமில்லை. தரகர்கள் அடங்கினார்கள். நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

மறுகா ஒரு நாள் கிரானிலிருந்து மாமா கோல் எடுத்தார். அவர்தான் அங்கே வட்டை விதானை. வாய்க்கால் திறப்பதிலிருந்து மெசின் பிடிப்பதுவரை அந்த வயல்வெளி முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. வேளாண்மை விளைந்து கதிர் சாயத் தொடங்கியிருந்தது, மழை வருமென்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அன்று நாலு மணிக்குப் பதிவு பூட்டும், தவறினால் மெசின் வேறு ஊருக்குப் போய்விடும்.

“என்ன புள்ள, உன்ட கண்டறியாத சாமான் என்னைக் கள்ளன் எண்டு துரத்துது.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது, வெட்கமாகவும் போனது. எங்களூரில் ஆளாளுக்குப் பதிவதில்லை. விதானை தன் போனில் வட்டையின் நாற்பது வயல்காரருக்கும் மளமளவென்று தட்டிவிடுவார். கிரானில் பிறந்து வளர்ந்தவள் நான், எழுதும்போது அது நினைவிலேயே வரவில்லை.

என்னோடு வேலைசெய்யும் தம்பி வந்தாறுமூலையிலிருந்து போனில், “இப்பைக்கு அதைக் கழட்டிவிடுங்க அக்கா, பிறகு பாப்பம்” என்றான். கழற்றினால் அடுத்த நிமிடமே தரகர்கள் புகுந்துவிடுவார்கள். “ஏலாது” என்றேன். போனை எண்ணுவதை விட்டு வயலை எண்ணும்படி மாற்றினேன். ஒரு வயலுக்கு ஒரு பதிவு, அந்த வயலின் இலக்கம் கமக்காரர் அமைப்பின் பட்டியலில் இருக்கவேண்டும். இருபது வரிதான்.

மூன்றரைக்கு மாமாவிடம், “இப்ப போடுங்க” என்றேன். திரையில் ஒன்று விழுந்தது, பிறகு நான்கு, பிறகு எண்ண முடியாத வேகத்தில் நாற்பதும் விழுந்தன. இடையில் ஒரு தரகரின் பதினொரு கோரிக்கைகள் வந்தன, பதினொன்றும் வாசல் படலையோடு திரும்பின. கதிரையை விட்டெழும்பி நான் தனியாகக் கைதட்டினேன்.

மெசின் இரண்டு நாள் வட்டைக்குள் நின்று வெட்டியது. மூன்றாம் நாள் மாமா மறுபடி கோல் எடுத்தார். போனைத் தகரக் கூரைப் பக்கமாகப் பிடித்தார்.

“மழை கேக்குதா புள்ள? கொட்டட்டும். வயலுக்க ஒரு கதிர் இல்ல.”