எமில் பாதித் தரைக்கு மாவு தூவிய சனிக்கிழமை

எங்கள் நடன ஹாலில் பாட்டுக் குழுக்களைப் பேசி அமர்த்துவது நான்தான். பீர் ஊற்றுவதும் நான்தான். ஆனால் வந்திருக்கும் குழு வாசிப்பது நாட்டுப்புறக் கன்ட்ரி இசையா, அதிரடி ராக்கா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. அது எமில் குபேனாவின் தகர டப்பாவுக்குள் இருந்தது.

டெக்சாஸில் எங்கள் பக்கத்து ஹால்களில் ஆட்டத்துக்கு முன்னால் மரத்தரையில் சோளமாவு தூவுவது வழக்கம். பூட்ஸ் வழுக்கிக்கொண்டு போனால்தான் ஜோடி ஜோடியாக ஹாலைச் சுற்றி டூ-ஸ்டெப் ஆட முடியும். கன்ட்ரிக் குழு வந்தால் எமில் மாவு தூவுவார். ராக் குழு வந்தால் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். ராக் கேட்க வருகிற பிள்ளைகள் நின்ற இடத்திலேயே குதிக்கிற ரகம். மாவின் மேல் குதித்தால் இடுப்பு எலும்புக்கு யார் பதில் சொல்வது?

எமில் பகலில் கோழித்தீவன லாரி ஓட்டுகிறவர். ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். சனிக்கிழமையானால் சட்டைக்குக் கஞ்சி போட்டு, அட்டை மாதிரி விறைப்பாக வந்து நிற்பார். அவருக்கு ஆடத் தெரிந்தது டூ-ஸ்டெப் ஒன்றுதான். அதிலேதான் வில்லங்கமே. ஏனென்றால் அவர் மனசு போயிருந்த இடம் வெல்மா மிகல்.

வெல்மா ஹாலின் சமையற்கட்டில் சாசேஜ் சுட்டு, ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பவள். அவள் புருஷன் ஹார்வி உயிரோடு இருந்தவரை ஒரு சனிக்கிழமை தவறாமல் இருவரும் டூ-ஸ்டெப் ஆடினார்கள். அவன் போன பிறகு யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்: "டூ-ஸ்டெப் ஹார்வியோட போச்சுய்யா." எமிலும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். அதே பதில்தான், ரொட்டியில் கடுகுச் சாந்து மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கிடைத்தது.

ஆனால் ராக் வாசிக்கிற நாட்களில் வெல்மாவின் இடுக்கி அடுப்பு விளிம்பில் தாளம் போடும். "இது ஹார்விக்குப் பிடிக்காது. அதனால இது என்னோடது," என்பாள். எமிலுக்கோ ராக் வராது. வீட்டு மாட்டுக் கொட்டகையில் ரேடியோ வைத்து ஒத்திகை பார்த்தார். பசு அன்றைக்குப் பால் கொடுக்கவில்லை.

ஆக, அவளுக்குப் பிடித்ததை ஆட இவருக்குக் கால் இல்லை. இவருக்குத் தெரிந்ததை ஆட அவளுக்கு மனசு இல்லை. இந்த லட்சணத்தில்தான், எழுபத்து நாலாம் வருஷம், 'கோணல் வேலி' என்ற குழு ஆஸ்டின் நகரத்திலிருந்து வந்து இறங்கியது.

எமில் டப்பாவோடு என்னிடம் வந்தார். "ரூடி, இது எந்த ரகம்?"

"தோள் வரைக்கும் தொங்குற தலைமுடியப் பாரு. ராக்தான்."

"அப்ப கன்ட்ரிக்காரன் வாசிக்கிற ஸ்டீல் கிட்டார எதுக்கு இறக்குறானுங்க? வயலின் வேற இருக்கு."

"இருக்கட்டும். ஸ்பீக்கரப் பாரு, எங்கப்பன் வீட்டு அலமாரி உசரம்!"

அவர் நேரே பாடகனிடமே போய்விட்டார். "தம்பி, நீங்க கன்ட்ரியா, ராக்கா?"

"அதாங்க எங்களுக்கும் தெரியல. ஆஸ்டின்ல கன்ட்ரின்னு திட்டுறாங்க. இங்க வந்தா ராக்குன்னு திட்டுறீங்க."

எமில் ஹாலின் நடுவில் வெகுநேரம் நின்றார். பிறகு மேடைப் பக்கத்துப் பாதிக்கு மட்டும் மாவு தூவினார். மறுபாதியை அப்படியே விட்டார். நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. இப்படி ஒரு மடத்தனத்தை என் ஆயுளில் பார்த்ததில்லை.

முதல் பாட்டிலேயே கூத்து தொடங்கியது. டிரம்மர் ரயில் ஓடுகிற மாதிரி சுத்தமான டூ-ஸ்டெப் தாளம் போட, அதன் மேல் கிட்டார்கள் கத்தின. அழ வேண்டிய ஸ்டீல் கிட்டார் ஏதோ ஒரு பெட்டி வழியாகப் போய் உறுமியது. பெரியவர்கள் ஜோடியாக வழுக்கி வந்து, கோட்டைத் தாண்டியதும் பிரேக் போட்ட மாதிரி நின்று, பின்னால் வந்தவர்கள் மேல் மோதினார்கள். குதித்துக்கொண்டே மேடையை நெருங்கிய பிள்ளைகள் மாவில் கால் வைத்துப் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். ஆனால் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. மூன்றாவது பாட்டுக்குள் பூட்ஸ் அடியில் ஒட்டிய மாவு ஹால் முழுக்கப் பரவி, கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

சமையற்கட்டு வரைக்கும் மாவு வந்துவிட்டது. வெல்மா இடுக்கியோடு வெளியே வந்தாள்.

"எமில்! பாதித் தரைக்கு மாவு தூவுன புத்திசாலி நீதானா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பாட்டு தொடங்கியது. வெல்மா திட்ட வந்ததை மறந்து நின்றாள். இடுக்கி தானாக ஆடியது.

"இது டூ-ஸ்டெப்பா எமில்?"

நான் பீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். ஆமாம் என்றால் அது ஹார்வியுடையது, அவள் ஆடமாட்டாள். இல்லை என்றால் இவருக்கு ஆட வராது. பாவி மனுஷன், எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

எமில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சத்தியமா தெரியல வெல்மா. கால் ஆமாங்குது. காது இல்லங்குது."

வெல்மா சிரித்துவிட்டாள். "எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்று ஏப்ரனை அவிழ்த்து என் மேஜை மேல் எறிந்தாள்.

ஆட்டம் கண்றாவிதான். எமில் சுற்றி வரப் பார்ப்பார், அவள் நின்று குலுங்குவாள்; அவர் குலுங்கும்போது அவள் சுற்றக் கிளம்பிவிடுவாள். கஞ்சி போட்ட சட்டை வியர்வையில் துவண்டு தொங்கியது. அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்மா உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எமில் வந்து மெதுவாகக் கேட்டார்: "இந்தச் சனிக்கிழமை எந்தக் குழு, ரூடி? அதே பசங்களா?"

"இல்லப்பா. நம்ம பழைய ஆளுங்க. சுத்தமான கன்ட்ரி."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. உள்ளே வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

"பரவாயில்ல," என்றாள் வெல்மா. "அதுக்கும் ஆட வரேன்."

எமில் நேரே அலமாரிக்குப் போய் டப்பாவை எடுத்தார். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். மனுஷன் மூலை முடுக்கு விடாமல் முழுத் தரைக்கும் மாவு தூவிவிட்டுத்தான் லாரி ஏறினார்.