பிரசாந்தினி கீறிய காகம்

வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்யும் பிரசாந்தினிக்கு, சனி ஞாயிறுகளில் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம் இருந்தது. இடைக்கால ஐரோப்பியரைப் போல உடுத்து, வாள் வீசி, கூடாரமடித்து வாழ்ந்து பார்க்கிற ஒரு ஃபெராயினில், அதாவது சங்கத்தில், பட்டயங்களுக்கும் சின்னங்களுக்கும் அவள்தான் பொறுப்பு. அங்கே நன்றாக உழைத்தவர்களை அரசவைக்கு அழைத்து, முழந்தாளிட வைத்து, பொன்தாள் ஒட்டி எழுதிய பட்டயம் ஒன்றைக் கொடுப்பார்கள். பட்டயம் வாங்கியவருக்குத்தான் தனக்கென்று ஒரு கேடயச் சின்னம் வைத்திருக்கும் உரிமை. ஒருவருடைய சின்னம் இன்னொருவருக்கு ஆகாது. அதைப் பதிவேட்டில் தேடிப் பார்த்து, ஆகும் ஆகாது என்று சொல்வதும் அவள்தான்.

பதினொரு வருடமாக இதைச் செய்தாள். நூற்றுக்கு மேல் பட்டயங்கள் அவள் கையால் எழுதப்பட்டன. நேற்று வந்தவனெல்லாம் கழுகும் கரடியுமாகக் கேடயம் தூக்கித் திரிந்தான். அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பந்தியில் பரிமாறுகிறவளுக்கு இலை போட யாருக்கு ஞாபகம் வரும்? ஒவ்வொரு பங்குனியிலும் சபை அனுப்பும் பெயர்ப் பட்டியலை அவளே பிரித்து, தன் பெயர் இல்லை என்பதை அவளே வாசித்துவிட்டு, மையைக் கரைக்கத் தொடங்குவாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு அது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

கணவன் மகேஸ்வரன் டீட்டிகோனில் ஒரு களஞ்சியத்தில் பாரம் ஏற்றும் வண்டி ஓட்டுபவன். வெள்ளைக்காரரின் கூத்துக்கு இவள் மணி ஆட்டுகிறாள் என்று எட்டு வருடம் நக்கலடித்தவன். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய கார் பழுதாகி, வேறு வழியில்லாமல் அவளைக் கொண்டுபோய் விட வந்தான். வந்த இடத்தில் சும்மா நிற்க முடியாமல் பெரிய சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சினான். அந்தக் காலத்து ஐரோப்பாவில் மிளகாயே இல்லை என்று பிரசாந்தினி விதியை எடுத்துச் சொன்னாள். எல்லாரும் சிரித்துவிட்டு இரண்டாம் தரம் கோப்பையை நீட்டினார்கள். அன்றிலிருந்து கூடாரச் சமையல் அவனுடையது, அவனைக் கட்டிப்பிடிக்காத வீரன் இல்லை.

இந்த வருடப் பட்டியலில் ஏழாவது வரியில் பெயர் இல்லை. பட்டயம் வழங்குவது எதற்காக என்ற இடத்தில் "நீண்ட சேவைக்காக" என்று கூட இல்லை. பெயர் அவையில் எழுதப்படும் என்று மட்டும் இருந்தது. பட்டயம் எழுதுகிறவருக்கே பட்டயம் கிடைக்கும்போது அது அவருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் பெயரை மறைப்பார்கள். கடைசியில் தன் முறை வந்துவிட்டது என்று குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

அந்தப் பட்டயத்துக்கு இரண்டு மாதம் எடுத்தாள். கன்றுத்தோலை அவளே தேய்த்துப் பதப்படுத்தினாள். கேடயத்தின் நடுவை வெறுமையாக விட்டிருக்க வேண்டும். பட்டயம் வாங்கியவர் தன் சின்னத்தைப் பிறகு தெரிவு செய்வதே வழமை. ஆனால் இது தன்னுடையது அல்லவா? மஞ்சள் நிலத்தில் ஒரு கருங்காகம், வாயில் ஊசி. விடிய ஐந்து மணிக்கு பஸ் தரிப்பிடத்தில் அவளோடு நிற்பது காகங்கள் மட்டுமே. வேறு யாரும் காகத்தைப் பிடித்துவிட்டார்களா என்று பதினொரு வருடமும் பதிவேட்டில் பார்த்து வந்திருந்தாள். அந்த ஆசையில் கீறிவிட்டாள். பட்டயம் சமையலறை மேசையில் கிடந்து காய, மகேஸ்வரன் அதைச் சுற்றிப் போய் சோறு போட்டுச் சாப்பிட்டான்.

விழாவுக்கு லா ஷோ-து-ஃபோனிலிருந்து தங்கை யசோதராவைக் குடும்பத்தோடு வரவழைத்தாள். ஒருதரமாவது இவர்கள் பார்க்கட்டும் என்று. தலைவர் ரேத்தோ, வாரநாளில் காப்புறுதி விற்பவர், அன்று கிரீடத்தோடு எழுந்து ஏழாவது பட்டயத்தைக் கேட்டார். பிரசாந்தினி பாவாடையை ஒதுக்கி முழந்தாளிட ஆயத்தமானாள். ரேத்தோ "மகேஸ்வரன்" என்றார்.

எழுதுகிறவருக்கு மட்டுமல்ல, அவர் வீட்டில் உள்ளவருக்கு என்றாலும் பெயரை மறைக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதியை விதியில் சேர்க்கச் சொன்னவளே அவள்தான், ஆறு வருடத்துக்கு முன். தன் வீட்டில் யாருக்குக் கிடைக்கப் போகிறது என்று அன்றைக்கு நினைத்திருப்பாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்ட கதை.

சமையலுக்காகத்தான் பட்டயம். வெற்றிடத்தில் பெயரை அவையிலேயே எழுத வேண்டியது பதிவாளரான அவளேதான். நூறு பேர் பார்க்க அவள் எழுதினாள். எழுத்து ஒன்றும் கோணவில்லை. ரேத்தோ பட்டயத்தைத் தூக்கிக் காட்டி, மகேஸ்வரனின் சின்னம் காகம் என்று அறிவித்தார். அவையில் அறிவித்த சின்னம் அறிவித்ததுதான். யசோதரா கைபேசியில் படம் பிடித்தபடி, "அத்தானுக்கு நல்ல மரியாதை அக்கா, நீ சொல்லவேயில்லையே" என்றாள்.

அவளுடைய முகத்தைப் பார்த்து ரேத்தோவுக்கு என்னவோ விளங்கியிருக்க வேண்டும். மனைவி என்ற முறையில் அவளும் அதே காகத்தை, மூலையில் ஒரு சின்ன அடையாளம் போட்டு, வைத்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னார். எத்தனை மனைவிமாருக்கு அந்த அடையாளத்தை அவளே போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் கார் ஓட்டினான், பட்டயம் அவள் மடியில் கிடந்தது. வழியில் கேட்டாள்.

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம், ரெண்டு மாசத்துக்கு முதலே ரேத்தோ சொன்னவன்."

"நான் எனக்கெண்டு நினைச்சுத்தான் கீறுறன் எண்டு?"

"அதுவும் தெரியும்" என்றான் மகேஸ்வரன். "சொல்லியிருந்தால் நீ இவ்வளவு வடிவாய்க் கீறியிருக்க மாட்டாய்."

அதை அவன் பாராட்டாகத்தான் சொன்னான்.