எட்டு இழையில் நாலு

தம்பி குணாளன் கை வைத்த வேலையைப் புஷ்பவள்ளி ஒருநாளும் சரிபார்க்கமாட்டாள். மகள் ரூபினிக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன் அவன். ஊருக்கெல்லாம் ஒயரிங் செய்கிறவன், அக்காள் வீட்டில் இன்டர்நெட் ஒயர் இழுத்தால் அதையும் சோதித்துப் பார்ப்பார்களா என்ன? கூலி பேசுவதே கேவலம் என்று தட்டில் வேட்டியும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தாள்.

பாடாங் மேஹா தோட்டத்து லய வீட்டை விட்டு வந்தபோது அக்காளும் தம்பியும் கூலிம் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒட்டிய வீடுகளாகக் கேட்டு வாங்கினார்கள். நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே கூரை. பேக்டரி பஸ் ஏறி ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த புஷ்பவள்ளி, கணவன் நடராஜா பக்கவாதத்தில் விழுந்ததும் அதை விட்டாள். இப்போது வீட்டிலிருந்தே கணினி வழியாக ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கிறாள். ஒரு காது ஹெட்போனில், மற்றொன்று கணவனின் கட்டிலில்.

அந்த வேலைக்கும் சனி பிடித்தது. பேசும்போதே குரல் திக்கும், லைன் அறுந்துவிடும். இன்னொரு முறை அறுந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தம்பியிடம்தான் அழுதாள்.

"இந்தப் பக்கம் லைன் அப்படித்தான்லா அக்கா. மனச விட்டுறாத," என்று அவள் போட்ட தேநீரைக் குடித்தபடியே தேற்றினான் அந்த மகராசன்.

மறுநாள், கம்பெனியில் கணினிகளைக் கவனிக்கும் சாந்தினி போனில் வந்தாள். "அக்கா, செட்டிங்ஸ்ல நெட்வொர்க் போங்க. ஈத்தர்நெட்ட கிளிக் பண்ணுங்க. கீழ லிங்க் ஸ்பீட் எவ்ளோ காட்டுது?"

"நூறு."

"ஆயிரம்லா காட்டணும்! ஒயருக்குள்ள எட்டு இழை இருக்கும்க்கா. உங்களுக்கு நாலுதான் ஓடுது போல. ரெண்டு முனையையும் பாருங்க."

கணினிப் பக்கத்து முனை ஒழுங்காகத்தான் இருந்தது. வைஃபை பெட்டி கூடத்தில் உயரத்தில், குணாளன் அடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நாற்காலி போட்டு ஏறி உறையைக் கழற்றினாள். ஒரே ஒயரின் தோலை உரித்து, நாலு நாலாகப் பிரித்து, இரண்டு பிளக் போட்டுப் பெட்டியில் சொருகியிருந்தது. அவளிடம் இருந்ததோ ஒரே கணினி. ஏதோ தப்பாகப் பூட்டிவிட்டான், பாவம் என்றுதான் அப்போதும் நினைத்தாள். ஒரு பிளக்கைப் பிடுங்கினாள். கணினியில் லைன் அப்படியே இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் சட்டென்று நின்றது.

"அக்கா!" குணாளனின் குரல். "லைன் போச்சு! உன் வீட்டுல இருக்கா?"

போன வருடமே தன் வீட்டு இன்டர்நெட்டை வெட்டிவிட்டதாகச் சொன்னவன் அவன். அந்த நாலு இழையையும் கத்தரியால் வெட்டினாள். பிளக்கைக் கையில் பிடித்தபடி வாசலுக்குப் போனாள். வெறுங்காலோடு ஓடிவந்தவன் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"கூரை வழியா உன் வீட்டுக்கு இழுத்தியாடா?"

"நாலு இழை சும்மாதானே கெடந்துச்சு? ஒரே ரத்தம், இதுக்கெல்லாம் கேக்கணுமாக்கா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா." பிளக்கை அவன் முன்னால் நீட்டினாள். "என் லைன்லயே நாளெல்லாம் படம் ஓட விட்டுட்டு, என் வீட்டுலயே உக்காந்து எனக்கு ஆறுதல் சொன்னியே! இந்த வேலை போயிருந்தா?"

"உன்ன விட்டுருவேனா? பேக்டரில சூப்பர்வைசர்கிட்ட சொல்லி இடம் புடிச்சு வச்சிருக்கேன்லா. நீ போய் நின்னா போதும்."

வேலை போகும் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. டிவியை நிறுத்துவதைவிட அக்காளை மறுபடி ஷிப்டுக்கு அனுப்புவது அவனுக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது.

"மாமாவ யாருடா பாத்துக்குவா?"

குணாளன் அப்போதுதான் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தான். அதை அவன் யோசித்ததே இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

உள்ளே கட்டிலிலிருந்து நடராஜா குழறலாகக் கூப்பிட்டான். புஷ்பவள்ளி கிரில் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, அவனைப் புரட்டிப் படுக்க வைக்கப் போனாள்.