அண்ணாச்சியின் குரலுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர்

செய்தி வந்தபோது நான் ஒரு சாட்சியின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மேசைமேல் இருந்த கைபேசியின் திரை ஒளிர்ந்தது. அண்ணாச்சியின் மனைவி பேச்சி மதினியின் தம்பி அனுப்பியிருந்தார்: "அத்தான் காலையில தவறிட்டாவ." நீதிபதி ஆசனத்தில் இருந்தார். சாட்சி தன் வயல் வரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விவரித்துக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து போக முடியாது. அவர் சொன்னதையெல்லாம் கடைசிவரை அடித்து முடித்துவிட்டுத்தான் அண்ணாச்சி வீட்டுக்கு, விக்கிரமசிங்கபுரம் பேருந்தைப் பிடித்தேன். அன்றைக்கு அடித்த பக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை என்று மறுநாள் தெரிந்தபோது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

ஆறுமுகநயினார் அண்ணாச்சியை உங்களுக்கெல்லாம் தெரியும். அம்பாசமுத்திரத்தில் எங்கள் நீதிமன்றத்தில் வாதாடியவர்கள், வேலை பார்த்தவர்கள், வாய்தாவுக்கு வந்து வேப்பமரத்தடியில் நாள் முழுக்கக் காத்துக்கிடந்தவர்கள் யாரும் அவரை மறந்திருக்க முடியாது. வழக்கு எண்ணைச் சொல்லி, வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பேரை மூன்று முறை கூப்பிடுவது அவர் வேலை. பதவி அலுவலக உதவியாளர்தான். ஆனால் அந்த வாசலில் முப்பது வருடம் நின்றவர் அவர். நான் உள்ளே தட்டச்சர். ஒரே கட்டடத்தில் இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம்.

ஒருமுறை மாஞ்சோலைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஜீவனாம்ச வழக்குக்காக ஒரு பெண் வர வேண்டியிருந்தது. அவள் பேரை மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லை. விதிப்படி அத்தோடு முடிந்தது. அண்ணாச்சி நீதிபதியைப் பார்த்துக் கையைக் கட்டி, "ஐயா, ஒரு நிமிசம்" என்றார். கேட்டைத் தாண்டிப் போய், ரோட்டில் நின்று, பேருந்து நிலையத்தைப் பார்த்து நான்காவது முறை கூப்பிட்டார். கைக்குழந்தையோடு அவள் ஓடி வந்தாள். பேருந்து பிந்திவிட்டதாம். அன்று சாயங்காலம் நான் கேட்டேன், "எப்படி அண்ணாச்சி, அங்கன வரைக்கும் கேக்குது?" அவர் சொன்னார்: "சத்தம் போட்டா கேக்காதுவே. பேரைச் சொல்லணும். அவ பேரை அவளுக்குன்னு சொல்லணும்." வேறொரு நாள் இன்னொன்றும் சொன்னார்: "கூப்புடும்போது இவன் குத்தவாளியா, சாட்சியான்னு என் குரல்ல தெரிஞ்சிரக் கூடாது. அதுல நான் ரொம்பக் கவனம்."

ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்குத் தொண்டை கரகரத்தது. சளி என்று நினைத்தோம். சளி இல்லை. திருநெல்வேலியில் மருத்துவர் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார். பத்து நாள் கழித்து அறுவைச் சிகிச்சை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்.

"வே, பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள எதையெல்லாம் பேசி வைக்கணும்னு யோசிச்சுச் சொல்லும்" என்றார்.

நானும் அவரும் மதினியும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். முதலில் மளமளவென்று இரண்டு பக்கம் வந்தது. பிறகு அவரே அடித்து அடித்துச் சுருக்கினார். "நல்லா இருங்க" என்று நான் ஒன்றைச் சேர்த்திருந்தேன். "வேண்டாம்வே. அது சாகப்போறவன் சொல்லுதது" என்று எடுத்துவிட்டார். கடைசியில் நாற்பது சொச்சம் மிஞ்சின. வாங்க. காபி குடிக்கியளா. போதும். பேச்சி. உமா. சாப்பிட்டியாம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. இப்படி. என் கைபேசியில்தான் பதிவு செய்தோம். குக்கர் விசில் அடித்தால் நிறுத்தி, மறுபடி சொன்னார். அப்போதே குரல் பாதி உடைந்திருந்தது. முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றியது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விட்டார். பேச்சு முற்றிலும் நின்றது. ஒரு பழைய கணினி வாங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் திரையில் ஒரு கட்டம் வைத்துக் கொடுத்தேன். அமுக்கினால் அந்தச் சொல் ஒலிக்கும். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் "வாங்க" என்றது கணினி. மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பெருமை.

அது ஒரு வாரம்தான் நிலைத்தது. மகள் உமா திருப்பூரில் இருக்கிறாள். அவள் பேசும்போது மதினி கைபேசியைக் கணினிப் பக்கத்தில் பிடிக்க, அண்ணாச்சி "உமா", "சாப்பிட்டியாம்மா" என்று அமுக்கினார். அவள், "என்னம்மா இது, அப்பா மாதிரியே இல்லை. மிஷின் மாதிரி இருக்கு. வேண்டாம்மா, எடுத்துருங்க" என்று அழுதபடி இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அண்ணாச்சி ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்: "நல்ல ஸ்பீக்கர் வேணும். பெரிய விலை வேண்டாம். நீரே பாத்து எடும்."

எனக்குக் கணினி தெரியும், ஒலி தெரியாது. உமாவின் கணவர் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டை அனுப்பிவைத்தார். அவற்றுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இணையத்தில் தேடத் தேடக் குழப்பம்தான் கூடியது. சின்னப் பெட்டி ஒவ்வொன்றிலும் கல்யாண மண்டபத்துக்கே போதும் என்கிற அளவுக்கு வாட்ஸ் எழுதியிருந்தார்கள். ஒருவர் அருமை என்றதை அடுத்தவர் குப்பை என்றார். கடைசியில் மலிவாக, ப்ளூடூத்தில் இயங்கும் ஒன்றை வரவழைத்தேன். சத்தம் கனமாகத்தான் வந்தது. ஆனால் அண்ணாச்சி "உமா" என்று அமுக்கினால் "மா" என்றுதான் கேட்டது. "வாங்க" என்பது "ங்க" ஆனது. பத்து முறை அமுக்கினார். பத்து முறையும் முதல் எழுத்து இல்லை. கம்பி போட்டு நேராகக் கணினியின் பின்புறத் துளையில் செருகிப் பார்த்தேன். எழுத்து வந்தது. கூடவே மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கொசு ரீங்காரம் போல ஓர் இரைச்சலும் வந்தது. அண்ணாச்சி மவுஸிலிருந்து கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடைக்குப் போனேன். வளைகுடாவில் பல வருடம் இருந்து திரும்பிய பாய் ஒருவர் நடத்தும் கடை. அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ப்ளூடூத்துல இது சத்தமில்லாத நேரத்துல தூங்கிட்டுக் கெடக்கும் சார். சத்தம் வந்ததும் முழிக்கும். முழிக்குததுக்குள்ள மொத எழுத்து போயிரும்" என்றார். இரைச்சலுக்கும் காரணம் சொன்னார். கணினிக்குள் குரல் வெறும் எண்களாகத்தான் இருக்குமாம். அதைச் சத்தமாக மாற்றுகிற வேலையைக் கணினியே செய்தால் அதன் உள்சத்தமும் கூடவே ஒட்டிக்கொள்ளுமாம். "அந்த வேலையையும் தானே பாக்குத ஆம்ப்ளிஃபயர் இருக்கு. யுஎஸ்பி கம்பியில அந்த எண்களை மட்டும் வாங்கிக்கும். வாட்ஸைப் பாக்காதீங்க, ஒரு ரூமுக்கு இத்துனூண்டு போதும். ஆமா, என்னத்துக்கு? பாட்டுக்கா, படத்துக்கா?"

"பேச்சுக்கு" என்றேன்.

"யாரு பேச்சுக்கு?"

சொன்னேன். பாய் அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ஒன்று கனமான இரும்பு உடம்பு, கட்டைக் குரலையும் கீச்சுக் குரலையும் கூட்டிக் குறைக்கத் தனித்தனித் திருகு. இன்னொன்று உள்ளங்கை அகலம், திருகு ஒன்றே ஒன்று, கூடவே ரிமோட். "எது நல்லதுன்னு நான் சொல்ல முடியாது. அவர் குரலை நான் கேட்டதில்லை. ரெண்டையும் கொண்டு போங்க. கேட்டுட்டு ஒண்ணை நாளைக்குத் திருப்பிக் குடுங்க, போதும்" என்றார்.

அன்று மாலை இரண்டையும் மேசைமேல் வைத்து மாற்றி மாற்றி இணைத்தேன். முதல் எழுத்து போகவில்லை. இரைச்சலும் இல்லை. முதல் பெட்டியில் குரல் அடிவயிற்றிலிருந்து வருவது போல இருந்தது. இரண்டாவதில் மெலிந்து, ஆனால் தெளிவாக இருந்தது. அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். மதினி மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு, "உமா", "பேச்சி", "வாங்க" என்று மாறி மாறி வந்ததை எல்லாம் கேட்டார். தன் பேர் நாலாவது முறை ஒலித்ததும், "எனக்கு ஒண்ணும் தெரியலய்யா, ஆளை விடுங்க" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி தாளை இழுத்து எழுதினார்: "எனக்குத் தெரியாதுவே. அவனவன் குரல் அவனவனுக்கு உள்ளேயிருந்துல்லா கேக்கும். வெளியே எப்படி இருந்துச்சுன்னு நீருதான் சொல்லணும். இருபது வருசம் கேட்டிருக்கீரு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீதிமன்ற வாசலை நினைத்துப் பார்த்தேன். அவர் நிற்பது தெரிந்தது. வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பட்டையும் தெரிந்தன. வாய் திறப்பதும் தெரிந்தது. சத்தம் வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் இந்தப் பெட்டிகளில் கேட்ட உடைந்த குரல்தான் வந்தது. ஒரு மாதமாக அந்த நாற்பது சொற்களை வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்பக் கேட்டதில், அசல் குரல் என் காதிலிருந்து போய்விட்டிருந்தது. எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவதுதான் அண்ணாச்சி. அதுதான் நீங்க" என்றேன்.

அன்றைக்கே உமாவைக் கூப்பிட்டார்கள். "சாப்பிட்டியாம்மா" என்றது பெட்டி. அவள் "சாப்பிட்டேம்ப்பா" என்றாள். பிறகு, "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றாள். அண்ணாச்சி அமுக்கினார். இப்படி அரை மணி நேரம் போயிற்று. அவருடைய பங்குக்கு அந்த நாற்பது சொற்கள்தான் இருந்தன. அவற்றை வைத்தே ஒரு தகப்பன் பேச வேண்டியதையெல்லாம் பேசினார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு நோய் நுரையீரலுக்குப் போனது. நான் ஞாயிறுதோறும் போவேன். உட்கார்ந்திருப்பேன், திரும்புவேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. கட்டில் பக்கத்தில் மேசையை நகர்த்தி வைத்திருந்தார்கள். ஒருநாள் மதினி என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, தணிந்த குரலில், "தம்பி, அந்த 'எனக்கு ஒண்ணுமில்ல'யை மட்டும் அழிச்சிருங்க. வலி வரும்போதெல்லாம் அதைத்தான் அமுக்குதாவ. என்னால கேக்க முடியல" என்றார். உள்ளே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தேன். அண்ணாச்சி கட்டிலிலிருந்து என் கையையே பார்த்தார். எங்கள் பேச்சு அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அழிக்கவா, விடவா? மதினிக்கு வேண்டியது ஒன்று. அவருக்கு வேண்டியது இன்னொன்று. இரண்டில் எதை எடுத்தாலும் ஒருவருக்குக் கொடுமை. திரையைத் துணியால் துடைத்துவிட்டு எழுந்து வந்தேன். மதினியிடம், "அது அழிய மாட்டேங்கு மதினி" என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. அதற்குமேல் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உமா அந்தச் சின்னப் பெட்டியையும் ஸ்பீக்கர்களையும் துணியில் சுற்றித் திருப்பூருக்கு எடுத்துப் போனாள். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, அப்பா குரலை நீங்கதான் சரியாக் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க. நீங்க இல்லேன்னா எனக்கு அந்த மிஷின் குரல்தான் மிஞ்சியிருக்கும்" என்றாள். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்திருக்க முடியும்? முதல் பெட்டியைக் கேட்டுப் பார்த்த மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்திருந்தேன். அண்ணாச்சி அதில்தான் இருந்தாரோ என்னவோ.

உமா இதைப் படிப்பாள். படிக்கட்டும். உங்களில் எவரிடமாவது பழைய கல்யாண வீடியோவிலோ அலுவலக விழாப் பதிவிலோ அண்ணாச்சி பேசியது இருந்தால், அவளுக்குத் தெரிவியுங்கள். எனக்கும் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள்.

அது கிடைக்கிறதோ இல்லையோ, என்னிடம் ஒன்று இருக்கிறது. "ரெண்டாவதுதான், அதுதான் நீங்க" என்று நான் சொன்னதும் அண்ணாச்சி என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்துச் சிரித்தார். குரல்வளை இல்லாதவர் சிரிப்பில் சத்தம் இருக்காது. தோள் குலுங்கும், கண்ணில் நீர் வரும், கழுத்துத் துளையில் காற்று விட்டுவிட்டு வரும், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை மட்டும் நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேன்.