வரம் கொடுத்த கால்

வேலூர் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் கூலியாக இருந்த காசிக்கு வருஷத்தில் ஒரு நாள் தெய்வ உத்தியோகம். மற்ற நாளெல்லாம் சுண்ணாம்புக் குழியில் இறங்கி மாட்டுத்தோல் புரட்டுகிற உத்தியோகம். இரண்டுக்கும் கருவி ஒன்றுதான்: அவன் கால்கள்.

சுண்ணாம்பு தின்று வெடித்துப்போன அந்தக் கால்கள் தெருவில் வந்தால் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள், மயானக் கொள்ளையன்று, அதே பெண்களில் பிள்ளையில்லாதவர்கள் ஆற்றுக்குப் போகும் வழியில் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள். அங்காளம்மன் வேஷம் போட்ட காசி ஒவ்வொருவராகத் தாண்டிப் போவான். தாண்டினால் பிள்ளை பிறக்கும். பெற்றவர்கள் அடுத்த திருவிழாவில் குழந்தையைக் கொண்டுவந்து அவன் காலடியில் கிடத்தி எடுத்துப் போவார்கள். பெறாதவர்கள் மறுபடி படுப்பார்கள். அம்மனிடம் போய் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

ஒரே ஒரு சிக்கல். அந்த வரிசையில் வருஷா வருஷம் காசியின் மனைவி பச்சையம்மாளும் படுத்தாள். ஊருக்கெல்லாம் கொடுத்த அம்மன் சொந்த வீட்டுக்குக் கொடுக்கவில்லை. குறை எங்கோ இருக்கிறது. அம்மனிடம் என்று சொன்னால் பாவம். காசிதான் அம்மன் என்பதால் அவனிடம் என்று சொன்னாலும் பாவம். பக்தியுள்ள தெரு அது. தீர யோசித்து, குறை பச்சையம்மாளிடம்தான் என்ற நியாயமான முடிவுக்கு வந்தது.

ஜெர்மன் சண்டை நடந்த காலம். சிப்பாய்களின் பூட்ஸுக்காகத் தோல் ஷாப்பு ஓயாமல் நடந்தது. அந்த மாசியில் காசியின் தாயார் காட்பாடியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்தாள். பச்சையம்மாளை அணைக்கட்டில் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று ஏற்பாடு. இதில் தனக்குச் சம்மதமில்லை என்பதைக் காசி மிகத் தெளிவாக எடுத்துச் சொன்னான், குழியில் ஊறிக் கிடந்த எருமைத் தோல்களிடம். தாயாரிடம் அவன் எதிர்த்து வாய் திறந்ததில்லை.

திருவிழாவுக்கு லீவு கேட்டபோது ஷாப்பு முதலாளி நிசார் அஹமது பெருந்தன்மையோடு கொடுத்தார். "போய்ட்டு வா காசி. நாளைக்கு ஒரு நாள் நீ சாமி, உன்ன ஒண்ணும் கேக்க முடியாது. மறுநாள் காலைல குழில நிக்கணும். சாமி அசதியில தூங்கிடுச்சுன்னு சொன்னா எனக்குப் பேஜாராய்டும்."

திருவிழாவன்று காலையில் பச்சையம்மாள்தான் அவனுக்குச் சிவப்புச் சாயம் பூசி அம்மன் முகம் எழுதினாள். ஒவ்வொரு வருஷமும் அவள்தான்.

"வாயத் தொறக்காத, கோணிக்கும்" என்றாள். அவனுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

"உங்கம்மாகிட்ட காசி பேச மாட்டான். அது தெரிஞ்ச கதைதான். சாமி பேசலாமில்ல? உங்கம்மா தட்டு எடுத்துக்கினு வாக்குக் கேக்க வரும். 'இவ இந்த வூட்லதான் இருக்கணும்'னு ஒரு வார்த்த சொல்லு. சாமி சொன்னா அது மீறாது. நான் போய்ட்டேன்னா திரும்ப வர மாட்டேன்யா."

காசி வேகமாகத் தலையாட்டினான். புருவம் கோணிப்போயிற்று. அவள் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

பம்பை முழங்க அம்மன் புறப்பட்டாள். வரிசையின் தலைப்பில் தாயார் கற்பூரத் தட்டோடு நின்றாள். நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்ட பிள்ளையின் காலில் விழுந்தாள்.

"தாயே, வம்சம் வெளங்க என் வூட்டுக்கு ஒரு பொண்ணக் கொண்டாரப் போறேன். உத்தரவு குடும்மா."

பம்பை நின்றது. சற்றுத் தள்ளி மணலில் முகம் புதைத்துக் கிடந்த பச்சையம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தை காசியின் தொண்டைவரை வந்துவிட்டது. அப்போது தாயார் நிமிர்ந்து பார்த்தாள். அம்மனைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள்.

"நல்லதே நடக்கும், போ" என்றாள் அம்மன். எல்லோருக்கும் சொல்கிற வாக்குத்தான்.

உத்தரவு கிடைத்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். காசி மற்றவர்களைத் தாண்டியது போலவே தன் மனைவியையும் தாண்டிப் போனான்.

சாயங்காலம் அண்ணனின் வண்டியில் ஏறும்போது பச்சையம்மாள் அழவில்லை. "நல்லாத் தேச்சுக் குளி. காதுக்குப் பின்னால செவப்பு நிக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

சில மாதங்களில் அண்ணன் அவளுக்கு மறுதாலி கட்டிவைத்தான். காட்பாடிப் பெண் காசி வீட்டுக்கு வந்தாள். மாசி வந்ததும் அவளும் வரிசையில் படுத்தாள். அடுத்த மாசியிலும் படுத்தாள்.

அந்த அடுத்த மாசியில் பச்சையம்மாள் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. வழக்கத்தை விடாமல் அதை அம்மன் காலடியில் கிடத்தினாள்.

தெரு ஒரு நிமிஷம் தடுமாறியது. பிறகு சமாளித்துக்கொண்டது. "போற அன்னைக்கு ஒரு தாண்டு தாண்டி அனுப்புச்சில்ல, அதான் குடுத்துச்சு" என்றாள் ஒருத்தி.

"இங்க இருந்தப்போ வருசா வருசம் தாண்டுச்சே?"

"அப்ப இவ மனசு சுத்தமில்ல."

காசியின் தாயார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்துக்கோ, எம் புள்ள மேல எறங்குற அம்மா சக்திய" என்று காட்பாடிப் பெண்ணைப் பிடித்து வரிசையில் தள்ளினாள்.

காசி குழந்தையைக் கையில் எடுத்தான். இத்தனை வருஷமாக அவன் முகத்தைப் பார்த்து வீரிடாத குழந்தை கிடையாது. இது வீரிடவில்லை. அம்மன் வேஷத்துக்காகக் கட்டித் தொங்கவிட்ட மரநாக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. காசியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து, சிவப்புச் சாயத்தைக் கரைத்துக்கொண்டு மார்பில் சொட்டியது.

"அம்மா உக்கிரமாய்ட்டா" என்றார் பூசாரி. பம்பை பலமாக முழங்கியது. உக்கிரம் தணிய ஒரு சேவலை அறுத்தார்கள். தணியவில்லை. இன்னொன்றையும் அறுத்தார்கள்.

அந்த இரைச்சலில் பச்சையம்மாள் நெருங்கி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள்.

"புருவம் கோணலா இருக்குய்யா" என்றாள். துடைக்கக் கை எழுந்தது. அந்தக் கையால் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு அணைக்கட்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

காட்பாடிப் பெண் மணலில் காத்துக்கிடந்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. காசி காலைத் தூக்கினான்.