பதினான்கு ஆரஞ்சு ரிப்பன்கள்

ஞாயிறு காலை 5.10. புனேயின் வாகட் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வாசலை விட்டுக் கார் கிளம்பியது. என் மனைவி கவிதா ஓட்டினாள். நான் பக்கத்தில் அலுவலக அழைப்பில் இருந்தேன். எங்கள் கம்பெனியில் புது மென்பொருளை ஏற்ற ஞாயிறு விடியலைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பௌட் என்ற ஊரைத் தாண்டும்போது கவிதா ஏதோ சொன்னாள். நான் "ம்" என்றேன். பின் இருக்கையில் அவளோடு மலைப்பாதைகளில் ஓட்டப் பயிற்சி செய்யும் இரண்டு தோழிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

6.50. தாம்ஹிணி மலைச்சாலை. வாகட்டிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். கார் நிறுத்த ஐம்பது ரூபாய், டீ இருபது, ஒரு தட்டு போஹா, அதாவது அவல் உப்புமா, முப்பது. சாலையோரத்திலிருந்தே பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. இரண்டு மலையிடுக்குகள் கூட்டல் குறிபோல வெட்டிக்கொள்வதால் இதற்கு ப்ளஸ் வேலி என்று பெயர். அடியில் நின்றால் நாலு பக்கமும் ஒரே மாதிரிப் பாறை, ஒரே மாதிரி ஓடை. அந்தக் கூட்டல் குறியின் ஒரு கை வழியாகத்தான் ஏறி வரமுடியும். இன்னொன்று செங்குத்தாக விழும் அருவியின் விளிம்பில் போய் முடிகிறது. இதையெல்லாம் டீக்கடைக்காரர் சொன்னபோதே காரிலேயே இருந்துவிடலாமா என்று தோன்றியது.

"ஏனுங்க, நீங்க மெதுவா எறங்கிட்டு, திரும்பப் பாதி ஏறுனா ஒரு தட்டப் பாறை இருக்கும், அதுல உக்காந்திருங்க. ஒம்பதரைக்கு நாங்க வந்தர்றோம்" என்றாள் கவிதா. மூன்று பேரும் ஓடி மறைந்தார்கள்.

8.20. வலிக்கும் முட்டியைத் திட்டிக்கொண்டே ஓடைப் படுகையைத் தொட்டேன். உருளும் கல், வேரைப் பிடித்துத் தொங்கும் இறக்கம், பிறகு வீடு அளவு பாறைகள். பச்சைத் தண்ணீரில் முகம் கழுவியதும் பயம் கொஞ்சம் தெளிந்தது. எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் மலைக்குப் போனாலும் ஏறி வரும்போது ஒரு பை நிறையக் குப்பை பொறுக்கி வரவேண்டும். வாசலில் கொட்டிப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குழுவில் போடவேண்டும். போன மாதம் பி பிளாக்காரர் நாலு கிலோ கொண்டுவந்து மார்தட்டிக்கொண்டார். நானும் விடுவேனா? பாட்டில், சிப்ஸ் உறை, கிளைகளில் யாரோ கட்டிவிட்டுப் போன ஆரஞ்சு பிளாஸ்டிக் ரிப்பன்கள் என்று ஒன்று விடாமல் பையில் போட்டுக்கொண்டே ஏறினேன்.

9.30. தட்டைப் பாறை. யாரும் வரவில்லை.

9.55. மேற்கே மேகம் கறுத்தது. மேலே பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

10.10. மாடு தேடி வந்த ஒரு பெரியவர் கீழிருந்து ஏறி வந்தார். என் மராட்டி காய்கறிக் கடையைத் தாண்டாது. "பெரியவரே, மூன்று பெண்களைப் பார்த்தீர்களா?" என்று எப்படியோ கேட்டேன். பார்க்கவில்லையாம்; தூரத்தில் குரல் மட்டும் கேட்டதாம், அருவிப் பக்கம். பிறகு அவர் என் பையையே பார்த்தார். வெளியே தொங்கிய ரிப்பன் நுனியைத் தொட்டார். "சாஹேப், இதை ஏன் அவிழ்த்தீர்கள்? வழி காட்டக் கட்டியதாயிற்றே" என்றார்.

அந்த ரிப்பன்களைப் பார்த்துத்தான் நானே வழி தவறாமல் ஏறியிருக்கிறேன். ஏற ஏற எனக்குப் பின்னால் வழியை அழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். என் மனைவி வரவேண்டிய வழியை.

முட்டியை மறந்து இறங்கினேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தே சறுக்கினேன். அவள் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. முதல் தூறல் விழுந்தபோது, நான் கும்பிடாத சாமியையெல்லாம் வேண்டினேன்.

10.50. ஓடைகள் கூடும் இடத்தில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். கவிதாவின் உள்ளங்கை இரண்டும் சிராய்த்து ரத்தம் கசிந்தது. அருவியின் விளிம்புவரை போய், தவழ்ந்து திரும்பியிருக்கிறார்கள்.

"எந்த வேலையத்தவனோ ரிப்பனையெல்லாம் அவுத்துட்டான்" என்றாள்.

பையைத் திறந்து காட்டினேன். அவள் ரிப்பன்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கட்டுனது நாந்தானுங்க. கார்ல வர்றப்பவே சொன்னனே, ரிப்பன் கட்டிட்டே போறேன், கடைசில நானே அவுத்துட்டு வந்தர்றேன்னு. நீங்களும் 'ம்'னீங்க."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முன்னால் நடந்து, தான் கட்டிய ஒவ்வொரு மரத்தையும் நினைவிலிருந்து காட்டி எங்களை ஏற்றிவிட்டாள். தூறல் வலுக்கவில்லை. பதினான்கு மரங்கள். ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

மதியம் 1.40. திரும்பும்போது நான் ஓட்டினேன். வாகட்டில் நாங்கள் இருவர் இருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டில், ஒரு அறையிலிருந்து சொன்னால் அடுத்த அறையில் தெளிவாகக் கேட்கும். அங்கே ஒரு நாளைக்கு எத்தனை "ம்" சொல்லியிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது. முல்ஷி அருகே அலுவலகத்திலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை. அப்போது கவிதா ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னாள்.

காரை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தினேன்.

"என்ன சொன்னே?"

"எதுக்கு நிறுத்துனீங்க? டீ குடிக்கலாமான்னேன், அவ்வளவுதான்."